கைவினை எஃகுக் கித்தார்

கைவினை எஃகுக் கித்தார் என்பது தொழிற்சாலையில் தொகுதியாக உற்பத்தி செய்யப்படாமல், தனி ஒருவராலோ சிறு பட்டறையாலோ ஒன்றிரண்டாகச் செய்யப்பட்ட எஃகுக் கித்தாரைக் குறிக்கும். மடியில் கிடத்தி வாசிக்கப்படும் எளிய ஹவாய்க் கித்தார் முதல், மிதிகளும் முழங்கால் நெம்புகோல்களும் கொண்ட பெடல் ஸ்டீல் கித்தார் (மிதி எஃகுக் கித்தார்) வரை பல வகைகள் இதில் அடங்கும். இந்தியாவில் உருவான மோகன வீணை, சதுரங்கி போன்ற கருவிகளும் கைவினையில் தோன்றியவையே. தமிழ்நாட்டின் சித்திரவீணை (கோட்டுவாத்தியம்) இவற்றோடு ஒத்த வாசிப்பு முறையைக் கொண்டது.

இக்கருவிகளில் பெரும்பாலானவற்றில் செய்தவரின் பெயரோ, ஆண்டோ, வரிசை எண்ணோ இருப்பதில்லை. எனவே அடையாளம் காணப்படாத அரிய கருவி பழைய பொருளாக மிகக் குறைந்த விலைக்குப் போவதும், சாதாரணக் கருவி அரியதெனக் கருதப்பட்டு அதிக விலைக்கு விற்கப்படுவதும் நேர்கின்றன. இக்கட்டுரை அவற்றின் வரலாறு, அமைப்பு, அடையாளம் காணும் முறைகள், மதிப்பிடும் முறைகள், தொடர்புடைய சட்டங்கள் ஆகியவற்றை விளக்குகிறது.

பெயரும் வகைகளும்

எஃகுக் கித்தார் என்ற பெயர் கருவி செய்யப்பட்ட பொருளைக் குறிப்பதன்று. இடக்கையில் பிடித்துத் தந்திகளின் மீது வழுக்கிச் செல்லும் எஃகுக் கட்டையினால் இப்பெயர் ஏற்பட்டது. கருவியின் உடல் பெரும்பாலும் மரத்தால் ஆனது. முக்கிய வகைகள் பின்வருமாறு:

• மடிக் கித்தார் (லேப் ஸ்டீல்): மடியில் வைத்து வாசிக்கப்படுவது. பொதுவாக 6 அல்லது 8 தந்திகள் உண்டு. மிதிகள் இல்லை.
• ஒத்ததிர்வுத் தட்டுக் கித்தார் (ரெசொனேட்டர்): ஒலியைப் பெருக்க உலோகக் கூம்பு பொருத்தப்பட்டது.
• கால்களுடைய எஃகுக் கித்தார் (கன்சோல் ஸ்டீல்): நான்கு கால்களில் நிற்பது. ஒன்றுக்கு மேற்பட்ட தந்தித் தொகுதிகள் இருக்கலாம். மிதிகள் இல்லை.
• பெடல் ஸ்டீல் கித்தார்: கால்களில் நிற்பது. மிதிகளையும் முழங்கால் நெம்புகோல்களையும் கொண்டு, வாசிக்கும்போதே தந்திகளின் சுருதியை மாற்றலாம்.
• இந்திய வழுக்குக் கித்தார்: கித்தார் உடலில் சிக்காரித் தந்திகளும் ஒத்ததிர்வுத் தந்திகளும் சேர்க்கப்பட்டது.

வரலாறு

உலகில்

கித்தாரை மடியில் கிடத்தி உலோகத் துண்டால் வாசிக்கும் முறை ஹவாய்த் தீவுகளில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றியது. இதை உருவாக்கியவராக ஜோசப் கெக்குக்கு பொதுவாக ஏற்கப்படுகிறார். இந்தியாவில் பிறந்து ஹவாய்க்குச் சென்ற கேப்ரியல் டேவியன் என்பவர் அவருக்கு முன்பே இம்முறையைக் கையாண்டார் என்ற கூற்றும் உண்டு.

1931இல் ஜார்ஜ் பொச்சம்ப் வடிவமைத்து ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் வழியாக 1932இல் விற்பனைக்கு வந்த "வறுசட்டி" எனும் செல்லப்பெயருடைய மடிக் கித்தார், வணிக முறையில் வெற்றி பெற்ற முதல் மின் கித்தாராகக் கருதப்படுகிறது. பின்னர்ச் சுருதியை மிதியால் மாற்றும் முயற்சிகள் தொடங்கின. கிப்சன் நிறுவனத்தின் எலக்ட்ராஹார்ப் 1940ஆம் ஆண்டளவில் வெளிவந்தது. கலிபோர்னியாவில் பால் பிக்ஸ்பி என்னும் கைவினைஞர் 1948இல் ஸ்பீடி வெஸ்ட் என்ற கலைஞருக்கு மிதிகளுடைய கருவியைச் செய்து கொடுத்தார். 1954இல் வெளிவந்த வெப் பியர்சின் பாடல் ஒன்றில் பட் ஐசக்ஸ், தந்திகள் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே மிதியை அழுத்திச் சுருதியை நகர்த்தினார். இந்த ஒலியே நாட்டுப்புறப் பாணி அமெரிக்க இசையின் அடையாளமாகப் பின்னர் மாறியது. அதன்பின் பலர் தம் பழைய கருவிகளில் தாமே மிதிகளைப் பொருத்தத் தொடங்கினர்.

ஷாட் ஜாக்சனும் பட்டி எமன்சும் 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய ஷோ-பட் நிறுவனம் ஜாக்சனின் வீட்டு வண்டிக் கொட்டகையில் பிறந்தது. இன்று புகழ்பெற்ற வணிகப் பெயர்கள் சில ஒரு காலத்தில் வீட்டுக் கைவினைகளாகவே இருந்தன என்பதால், பெயரற்ற ஒரு கருவியை ஆராயாமல் ஒதுக்கிவிடுதல் கூடாது.

இந்தியாவில்

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பயணம் செய்த ஹவாய் இசைக்குழுக்களும் இசைத்தட்டுகளும் இக்கருவியை இந்தியாவுக்கு அறிமுகப்படுத்தின. ஹவாய்க் கித்தார்க் கலைஞர் டாவ் மோ (1908–2004) தம் குடும்பத்தினருடன் 1940களில் கொல்கத்தாவில் தங்கி வாசித்தார். வங்காளத்தில் ஹவாய்க் கித்தார் வீட்டு இசைக்கருவியாகப் பரவியது. இரவீந்திர சங்கீதத்தையும் திரைப்பாடல்களையும் காசி அனிருத்தா, சுனில் கங்குலி, பட்டுக் நந்தி போன்றோர் இதில் வாசித்தனர். இலக்னோவைச் சேர்ந்த வான் ஷிப்லி (1927–2008) தாமே வடிவமைத்த எட்டுத் தந்தி மின் கித்தாரைத் திரையிசையில் பயன்படுத்தினார்.

இந்துஸ்தானி இசைக்கு இக்கருவியைக் கொண்டுவந்தவர் பிரிஜ் பூஷண் காப்ரா (1937–2018). இவர் அலி அக்பர் கானின் மாணவர். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் இணைந்து இவர் வெளியிட்ட இசைத்தட்டு பரவலான புகழ் பெற்றது. காப்ராவுக்குப் பின் வந்த கலைஞர்கள் தமக்கெனக் கருவிகளை உருவாக்கினர்:

• விசுவ மோகன் பட் – மோகன வீணை. 3 இசைத் தந்திகள், 5 சுருதித் தந்திகள், 12 ஒத்ததிர்வுத் தந்திகள் என 20 தந்திகள் கொண்டது. ரை கூடருடன் இவர் வெளியிட்ட இசைத்தொகுப்புக்கு 1994இல் கிராமி விருது கிடைத்தது.
• தேபாசிஷ் பட்டாச்சார்யா – 24 தந்திகளுடைய சதுரங்கி, 14 தந்திகளுடைய காந்தர்வி, 4 தந்திகளுடைய ஆனந்தி.
• பருண் குமார் பால் – ஹன்ச வீணை.
• கமலா சங்கர் – சங்கர் கித்தார்.

இவை எதிலும் மிதிகள் இல்லை. பெடல் ஸ்டீல் கித்தாரின் மிதிகள், ஒரே நேரத்தில் ஒலிக்கும் பல சுரங்களில் (கார்டு) சிலவற்றை மட்டும் நகர்த்துவதற்காக ஏற்பட்டவை. இந்திய இசை ஒற்றை இசைக்கோட்டை அடிப்படையாகக் கொண்டது. அதில் கமகங்களையும் மீண்டுகளையும் எஃகுக் கட்டையின் நகர்வே தந்துவிடுகிறது. எனவே இந்தியக் கைவினைஞர்கள் மிதிகளைச் சேர்ப்பதற்குப் பதிலாக ஒத்ததிர்வுத் தந்திகளைச் சேர்த்தனர். இந்தியாவில் பெடல் ஸ்டீல் கித்தார் அரிதாகவே காணப்படுகிறது.

தமிழ்நாட்டில்: சித்திரவீணை

மெட்டுகள் இல்லாத தண்டியின் மீது உருளையை வழுக்கி வாசிக்கும் முறை தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. திருவிடைமருதூர் சகாராம ராவ் இக்கருவியை மேடைக் கருவியாக நிலைநிறுத்தினார். இவருடைய மரபில் கோட்டுவாத்தியம் நாராயண ஐயங்கார் (1903–1959), பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் (1894–1978) ஆகியோர் புகழ்பெற்றனர். இன்றைய சித்திரவீணையில் பொதுவாக 21 தந்திகள் உள்ளன. கருங்காலி, எருமைக் கொம்பு, கண்ணாடி, டெஃப்லான் முதலியவற்றாலான உருளைகள் பயன்படுகின்றன. தோற்றத்தில் தஞ்சாவூர் வீணையை ஒத்திருப்பதால், மெட்டுகள் கழன்றுபோன வீணையைச் சித்திரவீணை எனத் தவறாகக் கருதுவது உண்டு. வீணைத் தண்டியின் மேல் மெட்டுகளைத் தாங்கிய மெழுகின் தடம் இருக்கும். சித்திரவீணைத் தண்டியின் மேற்பரப்பு சமமாக இருக்கும்.

பெடல் ஸ்டீல் கித்தாரின் அமைப்பு

கைவினைக் கருவியை மதிப்பிட, செந்தரக் கருவியின் அமைப்பை அறிந்திருத்தல் வேண்டும். பெரும்பாலான தற்காலக் கருவிகள் 10 தந்திகளைக் கொண்டவை. மேருவுக்கும் குதிரைக்கும் இடையிலான நீளம் ஏறத்தாழ 24 அங்குலம் (610 மி.மீ.) ஆகும். இரண்டு தந்தித் தொகுதிகள் உள்ள கருவிகளில் ஒன்று ஈ9 சுருதியமைப்பிலும் மற்றொன்று சி6 சுருதியமைப்பிலும் இருக்கும்.

ஈ9 அமைப்பில் வழக்கமாக மூன்று மிதிகள் உள்ளன:

• ஏ மிதி: 5ஆம், 10ஆம் தந்திகளை இரண்டு அரைச்சுரம் உயர்த்தும்.
• பி மிதி: 3ஆம், 6ஆம் தந்திகளை ஓர் அரைச்சுரம் உயர்த்தும்.
• சி மிதி: 4ஆம், 5ஆம் தந்திகளை இரண்டு அரைச்சுரம் உயர்த்தும்.

ஏ, பி மிதிகளை ஒருசேர அழுத்தினால், கட்டையை நகர்த்தாமலேயே சட்சத்தை அடிப்படையாகக் கொண்ட கார்டிலிருந்து மத்திமத்தை அடிப்படையாகக் கொண்ட கார்டுக்குச் செல்லலாம். முழங்கால் நெம்புகோல்கள், குறிப்பாக 4ஆம், 8ஆம் தந்திகளை ஓர் அரைச்சுரம் உயர்த்தவும் தாழ்த்தவும் பயன்படுகின்றன.

மிதியை அழுத்தும்போது செங்குத்துக் கம்பி கீழே இழுக்கப்பட்டு, கருவியின் அடியிலுள்ள குறுக்குத் தண்டைச் சுழற்றுகிறது. தண்டில் பொருத்திய நெம்பு, கிடைக்கம்பியை இழுக்கிறது. கிடைக்கம்பி குதிரைப் பகுதியிலுள்ள விரல் போன்ற அசையும் உறுப்பைத் திருப்புகிறது. தந்தி அவ்வுறுப்பின் மேல் செல்வதால் அதன் இழுவிசை கூடுகிறது அல்லது குறைகிறது. மிதியை விட்டதும் சுருள்வில்லும் தந்தியின் இழுவிசையும் உறுப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவருகின்றன. பத்துத் தந்திகளின் மொத்த இழுவிசை 100 கிலோகிராம் எடைக்கும் மேற்பட்டது. இதைத் தாங்கும் உறுதியே கைவினைக் கருவியின் முதல் தேர்வாகும்.

அடையாளம் காணல்

கைவினை என்பதற்கான அறிகுறிகள்

கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்து அடிப்பகுதியைப் பார்ப்பதே முதற்படி. தொழிற்சாலைக் கருவியில் ஒரே உறுப்பு பல இடங்களில் ஒரே அளவில் இருக்கும். கைவினைக் கருவியில் பின்வருவன காணப்படலாம்:

• ஒரே வகையான நெம்புகளின் நீளமும் துளைகளின் இடமும் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடுதல்.
• மரத்தின் அடியில் பென்சில் கோடுகள், கைத்துளைப்பான் தடங்கள், பயன்படுத்தாமல் விடப்பட்ட துளைகள்.
• மிதிவண்டித் தடைக்கம்பி, தையல் இயந்திரப் பாகம், கதவுக் கீல் போன்ற வேறு பயனுக்குரிய பொருள்கள்.
• குதிரையும் மேருவும் வார்ப்பில் செய்யப்படாமல், அலுமினியக் கட்டையிலிருந்து அரத்தால் அராவப்பட்டிருத்தல்.
• மெட்டுக்கோடுகள் கையால் வரையப்பட்டிருத்தல்.

கம்பிவடத்தால் இயங்கும் அமைப்பு மட்டும் கைவினைக்குச் சான்றாகாது. பெண்டர் நிறுவனம் 1957இல் வெளியிட்ட 400, 1000 ஆகிய வகைகள் கம்பிவடங்களால் இயங்கியவை. அதுபோல, உடலின் மீது சன்மைக்கா போன்ற தகடு ஒட்டியிருப்பதும் கைவினைக்குச் சான்றன்று. எமன்ஸ் முதலிய நிறுவனங்களும் அவ்வாறு செய்தன.

மெட்டுக்கோடுகளின் அளவு

எஃகுக் கித்தாரில் மெட்டுக்கோடுகள் கண்ணுக்கு வழிகாட்டி மட்டுமே. தந்தி அவற்றைத் தொடுவதில்லை. எனினும் அவற்றின் துல்லியம் செய்தவரின் திறனைக் காட்டும். எஞ்சியுள்ள தந்தி நீளத்தை 17.817ஆல் வகுத்தால் அடுத்த கோடு வரையிலான தொலைவு கிடைக்கும். தந்தி நீளம் 609.6 மி.மீ. (24 அங்குலம்) எனில் மேருவிலிருந்து அமைய வேண்டிய தொலைவுகள்:

• 1ஆம் கோடு – 34.2 மி.மீ.
• 5ஆம் கோடு – 152.9 மி.மீ.
• 7ஆம் கோடு – 202.7 மி.மீ.
• 12ஆம் கோடு – 304.8 மி.மீ.
• 24ஆம் கோடு – 457.2 மி.மீ.

12ஆம் கோடு சரியாக நடுவில் அமையாவிட்டால், மெட்டுப்பலகை வேறொரு கருவியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கலாம் அல்லது குதிரை பின்னர் இடம் மாற்றப்பட்டிருக்கலாம்.

காலத்தைக் கணித்தல்

பெயரற்ற கருவியின் காலத்தை அதன் உறுப்புகளிலிருந்து ஓரளவு அறியலாம். உறுப்பின் காலம் கருவியின் முன்னெல்லையை மட்டுமே காட்டும். பழைய உறுப்புகளைச் சேர்த்துப் பிற்காலத்தில் கருவி செய்வது இயல்பு.

• ஒலிக்கட்டுப்பாட்டு மின்தடை: அமெரிக்க உறுப்புகளில் பொறிக்கப்பட்ட எண்ணின் முதல் மூன்று இலக்கங்கள் செய்த நிறுவனத்தையும், அடுத்தவை ஆண்டையும் வாரத்தையும் குறிக்கும். எடுத்துக்காட்டாக, 137 என்பது சி.டி.எஸ். நிறுவனத்தையும் 304 என்பது ஸ்டாக்போல் நிறுவனத்தையும் குறிக்கும்.
• திருகுகள்: சிலுவைத் தலைத் திருகுகள் 1930களின் நடுப்பகுதிக்குப் பிறகே பரவின. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் மெட்ரிக் அளவுகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அனைத்துத் திருகுகளும் அங்குல அளவில் இருப்பது பழமைக்கோ வெளிநாட்டுத் தோற்றத்துக்கோ அறிகுறியாகலாம்.
• பசை: பழைய தச்சு வேலையில் வச்சிரம் எனும் விலங்குப் பசை பயன்பட்டது. இது வெந்நீரில் இளகும். ஃபெவிகால் 1959இல் அறிமுகமானது. மூட்டுகளில் வெண்பசையின் எச்சம் காணப்பட்டால், அம்மூட்டாவது அதற்குப் பிற்பட்டதாகக் கொள்ளலாம்.

மாற்றியமைக்கப்பட்ட கருவிகள்

இந்தியாவில் காணப்படும் பல ஹவாய்க் கித்தார்கள், சாதாரண எசுப்பானியக் கித்தாரிலிருந்து மாற்றப்பட்டவை. மேருவின் மீது உயரமான உலோக மேரு ஒன்றைச் செருகி, தந்திகளை மெட்டுகளுக்கு மேலே தூக்குவது எளிய மாற்றமாகும். இதை நீக்கினால் கருவி பழைய நிலைக்குத் திரும்பும். கழுத்தின் பக்கத்தில் பிருடைகளுக்காகத் துளையிடுவதும், ஒத்ததிர்வுத் தந்திகளுக்காக உடலின் உட்புறத்தை வலுப்படுத்துவதும் மீளா மாற்றங்கள்.

இம்மாற்றங்களை மதிப்பிடுவதில் இருவேறு நோக்குகள் மோதுகின்றன. வெளிநாட்டுப் பழங்கருவி சேகரிப்பாளர், துளையிடப்பட்ட பழைய கித்தாரைச் சிதைந்ததாகக் கருதுவார். இந்திய இசை வரலாற்றை ஆராய்பவருக்கோ அத்துளைகளே முதன்மைச் சான்று. இவற்றை அடைத்துக் கருவியைப் "பழைய நிலைக்கு" கொண்டுவந்தால், இந்திய வழுக்குக் கித்தார் வளர்ந்த படிநிலைக்கான சான்று அழிந்துவிடும். எனவே கருவியை வாசித்தவர் யார் என்பது தெரியும் முன் எத்தகைய திருத்தமும் செய்யாதிருத்தல் நன்று.

பெயர்க் குழப்பங்கள்

• கொல்கத்தாவின் கிவ்சன், ஹோப்னர் ஆகியவை இந்திய வணிகப் பெயர்கள். இவை அமெரிக்காவின் கிப்சன், செருமனியின் ஹாஃப்னர் ஆகியவற்றினின்றும் வேறானவை.
• மோகன வீணை என்ற பெயர் இரு கருவிகளுக்கு உண்டு. 1940களில் இராதிகா மோகன் மைத்ரா சரோதை மாற்றியமைத்து உருவாக்கிய கருவிக்கும் இப்பெயரே வழங்கியது. அது விசுவ மோகன் பட்டின் கித்தார் வகைக் கருவியன்று.
• விற்பனையாளர் "பெடல் ஸ்டீல்" எனக் குறிப்பிடும் கருவி, கால்கள் மட்டும் உடைய கன்சோல் ஸ்டீலாக இருக்கலாம். அடியில் கிடைக்கம்பிகளும் குதிரையில் அசையும் விரல்களும் இல்லையெனில் அது பெடல் ஸ்டீல் ஆகாது. ஒலியளவை மாற்றும் தனி மிதியையும் இதனுடன் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மரம்

பெடல் ஸ்டீல் கித்தாரின் உடலுக்கு மேப்பிள் மரம் பெரிதும் பயன்படுகிறது. இந்தியக் கைவினைக் கருவிகளில் தேக்கு, தோதகத்தி (ஈட்டி), பிளைவுட் ஆகியவையும், வீணை மரபுக் கருவிகளில் பலா மரமும் காணப்படுகின்றன. தஞ்சாவூர் வீணை பலா மரத்தால் செய்யப்படுவது. இது 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.

மரத்தின் பெயரைச் சொல்லி மதிப்பை உயர்த்துவது விற்பனையில் காணப்படுவதால், மரத்தைத் தனியே சரிபார்த்தல் வேண்டும். கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த சவ்வாது மலை சந்தன மரத்துக்குப் பெயர்பெற்றது. எனினும் சந்தனம் இக்கருவிகளின் உடலுக்கு வழக்கமாகப் பயன்படும் மரமன்று. மேற்பரப்பில் பூசிய எண்ணெயின் மணத்தைக் கொண்டு மரத்தைத் தீர்மானிக்க இயலாது. பிருடை அல்லது ஒலிவாங்கிக்கான குழியின் உட்புறத்தில், மெருகு படாத இடத்தில் இழையைப் பார்ப்பதே சரியான முறையாகும்.

செயல்திறன் சோதனைகள்

கைவினைக் கருவியின் மதிப்பு பெரிதும் அது சுருதியில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. ஒரு மின்னணுச் சுருதிமானியைக் கொண்டு பின்வரும் சோதனைகளைச் செய்யலாம். ஓர் அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு சென்ட் எனப்படும்.

1. மீள்தல்: ஒரு தந்தியைச் சுருதி சேர்த்து, மிதியைப் பத்து முறை அழுத்தி விட வேண்டும். ஒவ்வொரு முறையும் அதே சுருதிக்குத் திரும்பாவிட்டால் குதிரையின் விரலிலோ மேருவின் உருளையிலோ உராய்வு உள்ளது.
2. உடல் வளைவு: மிதி மாற்றாத ஒரு தந்தியை ஒலித்து, மற்றத் தந்திகளை இழுக்கும் மிதிகளை அழுத்த வேண்டும். ஈ9 அமைப்பில் ஏ, பி மிதிகளை அழுத்தி 8ஆம் தந்தியைக் கவனிப்பது வழக்கம். உடல் வளைவதால் அத்தந்தியின் சுருதி சில சென்ட் இறங்குவது நல்ல கருவிகளிலும் உண்டு. இறக்கம் செவிக்குத் தெளிவாகப் புலப்பட்டால் உடலோ மூட்டுகளோ வலுவற்றவை.
3. எட்டுதல்: ஒவ்வொரு மிதியும் உரிய அரைச்சுரங்களை முழுமையாக எட்டுகிறதா எனப் பார்க்க வேண்டும். 3ஆம் தந்தி மிக மெல்லியது. உயர்த்தும்போது அடிக்கடி அறுமாயின் விரலின் வளைவு கூராக இருக்கலாம்.
4. ஒலிவாங்கி: மின்தடைமானியால் அளந்தால் பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ ஓம் வரை இருக்கும். முடிவிலி காட்டினால் சுற்றுக் கம்பி அறுந்துள்ளது. இதை மீண்டும் சுற்றிச் சீர்செய்யலாம்.
5. கால்கள்: கருவியை நிறுத்தி மிதிக்கும்போது ஆடினால், கால்கள் திருகப்படும் தகடுகளையும் அவற்றைச் சுற்றிய மரத்தையும் பார்க்க வேண்டும்.

துருப்பிடித்த பழைய தந்திகளுடன் இச்சோதனைகளைச் செய்தால் முடிவு தவறாகும். எனவே முதலில் புதிய தந்திகளைப் பூட்டுதல் வேண்டும்.

மதிப்பிடல்

கைவினைக் கருவிக்குச் சந்தை விலைப்பட்டியல் இல்லை. அதன் மதிப்பைப் பின்வரும் நான்கு கூறுகளாகப் பிரித்து நோக்கலாம்.

வாசிப்பு மதிப்பு: இன்று ஒருவர் இதில் கற்கவோ மேடையில் வாசிக்கவோ இயலுமா என்பது. தொழில்முறைப் புதிய பெடல் ஸ்டீல் கித்தார் சில ஆயிரம் அமெரிக்க டாலர் விலையுடையது. கைவினைக் கருவி நன்கு இயங்கினாலும், மாற்று உறுப்புகள் கடையில் கிடைக்காத காரணத்தால், ஒத்த தரமுள்ள நிறுவனக் கருவியைவிடக் குறைவாகவே விலைபோகும். இரண்டு மிதிகள் மட்டும் கொண்டு நெம்புகோல் இல்லாத கருவியில் தற்காலப் பாடத்திட்டங்களை முழுமையாகக் கற்க இயலாது. இது மதிப்பை மேலும் குறைக்கும்.

உறுப்பு மதிப்பு: பிருடைகள், ஒலிவாங்கி, கால்கள், பெட்டி ஆகியவற்றைத் தனித்தனியே விற்றால் கிடைக்கும் தொகை. இயங்காத கருவிக்கு இதுவே அடிப்படை மதிப்பாகக் கொள்ளப்படும். ஆனால் கருவி யாருடையது என ஆராயும் முன் உறுப்புகளைப் பிரித்து விற்றால் அடுத்த கூறு முற்றாக அழிந்துவிடும்.

வரலாற்று மதிப்பு: செய்தவர் அல்லது வாசித்தவர் அறியப்பட்டவராயின் மதிப்பு பன்மடங்காகலாம். இதற்கு வாய்மொழி மட்டும் போதாது. பழைய நிழற்படம், இசைத்தட்டின் உறை, கச்சேரி அறிக்கை, பற்றுச்சீட்டு, கடிதம் முதலியவை வேண்டும். நிழற்படத்தை ஒப்பிடும்போது மர இழையின் வடிவம், கீறல், ஒட்டு முதலிய தனிக்குறிகள் பொருந்த வேண்டும். பொதுவான வடிவம் பொருந்துவது போதாது.

குடும்ப மதிப்பு: தந்தையோ பாட்டனாரோ தம் கையால் செய்த கருவிக்கு அக்குடும்பத்தினரிடத்து உள்ள மதிப்பு. இது சந்தையில் வெளிப்படுவதில்லை. சந்தை விலை குறைவு என்பது கருவி பாதுகாக்கத் தகாதது என்று பொருள்படாது.

மதிப்பீட்டாளர் ஒருவரே கருவியை வாங்கவும் முன்வருவாராயின், அவருடைய மதிப்பீட்டைத் தனியே மற்றொருவரிடம் சரிபார்த்தல் வேண்டும்.

சட்டக் கட்டுப்பாடுகள்

கருவியின் பொருளும் வயதும் விற்பனையையும் ஏற்றுமதியையும் பாதிக்கும்.

• தந்தம்: பழைய வீணைகளிலும் சித்திரவீணைகளிலும் தந்த அலங்காரம் இருக்கலாம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 1986, 1991ஆம் ஆண்டுத் திருத்தங்களின்படி இந்தியத் தந்தம், ஆப்பிரிக்கத் தந்தம் ஆகிய இரண்டின் வணிகமும் தடை செய்யப்பட்டுள்ளது. மான்கொம்பால் ஆன உறுப்புகளையும் இச்சட்டத்தின் நோக்கில் ஆராய வேண்டும். பிளாஸ்டிக், எலும்பு ஆகியவை தந்தம் போலத் தோன்றலாம். தந்தத்தின் குறுக்குவெட்டில் மட்டுமே ஒன்றையொன்று வெட்டும் வளைகோடுகள் காணப்படும்.
• தொல்பொருள்: தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம், 1972இன்படி 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள்களும் கைவினைப்பொருள்களும் தொல்பொருள்களாகக் கருதப்படுகின்றன. இவற்றைத் தனியார் நாட்டுக்கு வெளியே அனுப்ப இயலாது. சகாராம ராவ் காலத்துச் சித்திரவீணைகள் இவ்வயதை எட்டியவை.
• தோதகத்தி: தோதகத்தி உள்ளிட்ட மரப் பேரினம் முழுவதும் 2017 சனவரி 2 முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளது. முழுமையாகச் செய்து முடிக்கப்பட்ட இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பர் 26 முதல் விலக்கு அளிக்கப்பட்டது. பிரேசில் தோதகத்தி 1992 முதல் முதலாம் பின்னிணைப்பில் இருப்பதால் இவ்விலக்கு அதற்குப் பொருந்தாது.
• சந்தனம்: தமிழ்நாட்டில் சந்தனக் கட்டையை வைத்திருத்தலும் கொண்டுசெல்லுதலும் தமிழ்நாடு வனச் சட்டம், 1882இன் கீழ்க் கட்டுப்படுத்தப்படுகின்றன.

தந்தமோ சந்தனமோ இருப்பது மதிப்பை உயர்த்தும் என்னும் பரவலான எண்ணம் இதனால் பிழையாகிறது. சட்டப்படி விற்க இயலாத கருவிக்குச் சந்தை மதிப்பு இல்லை.

பாதுகாத்தலும் ஆவணப்படுத்தலும்

அடையாளம் தெரியாத கருவியைக் கண்டெடுத்தவர் முதலில் அதை ஆவணப்படுத்துதல் வேண்டும். முன்புறம், பின்புறம், அடிப்பகுதி, தலைப்பகுதி, ஒலிவாங்கியின் உட்புறம் ஆகியவற்றை அளவுகோலுடன் நிழற்படம் எடுத்து, தந்தி நீளம், தந்திகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு மிதியும் இழுக்கும் தந்திகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். பெட்டியினுள் இருக்கும் தாள்கள், பழைய தந்தி உறைகள், பேருந்துச் சீட்டுகள் போன்றவையும் இடத்தையும் காலத்தையும் காட்டக்கூடியவை. அவற்றை எறிந்துவிடக் கூடாது.

மேற்பூச்சைத் தேய்த்து நீக்குதல், புதிய வண்ணம் பூசுதல், பழைய திருகுகளை மாற்றுதல் ஆகியவற்றைத் தவிர்த்தல் வேண்டும். இயங்குவதற்கு ஓர் உறுப்பை மாற்றியே தீரவேண்டுமெனில், கழற்றிய உறுப்பைப் பெயரிட்டுக் கருவியுடன் வைத்திருக்கலாம். மழைக்காலத்தில் ஈரச் சுவரில் சாய்த்து வைக்கப்படும் மரம் எளிதில் வளையும். எஃகுக் கம்பிகளில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதுமானது. மிகுதியான எண்ணெய் தூசியைச் சேர்த்து உராய்வைக் கூட்டும்.

செய்தவரை அறிந்த முதியோர் உயிருடன் இருக்கும்போதே அவர்களுடைய கூற்றைப் பதிவு செய்தல் இன்றியமையாதது. கைவினைக் கருவிகளைப் பொறுத்தவரை வரிசை எண்ணும் விற்பனைப் பதிவும் இல்லாத இடத்தில், மனிதரின் நினைவே பெரும்பாலும் எஞ்சியிருக்கும் ஒரே பதிவேடாகும்.

இவற்றையும் பார்க்க

• கித்தார்
• சித்திரவீணை
• தஞ்சாவூர் வீணை
• மோகன வீணை
• சரோத்
• பிரிஜ் பூஷண் காப்ரா